திண்ணையிலிருந்து கொல்லை வரை: ஒரு வீட்டைப் பிரித்துப் படித்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

வழக்கமா இந்த நிகழ்ச்சியில ராஜா, கல்வெட்டு, படையெடுப்புன்னு பேசுவோம். இந்த முறை நான் பேசப்போறது எங்க வீட்டைப் பத்தி. கும்பகோணத்துல ஒரு தெருவுல, ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கிற, நீளமான பழைய வீடு. முகப்புச் சுவர்ல சுதையில 1938-ன்னு எழுதியிருக்கு. என் கணவரோட தாத்தா கட்டினது.

நாலு வருஷத்துக்கு முன்னாடி இதைச் சரிபண்ணலாம்னு ஆரம்பிச்சோம். வந்து பார்த்த ரெண்டு மேஸ்திரியும் ஒரே பதிலைத்தான் சொன்னாங்க: "இடிச்சிட்டுக் கட்டுங்க சார், அதுதான் லாபம்." அன்னைக்கு ராத்திரி நாங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். நாமளே செய்வோம். சனி, ஞாயிறு, லீவு நாள், எவ்வளவு நாள் ஆனாலும் சரி. மூணு வேலையை மட்டும் வெளி ஆள்கிட்ட விட்டோம். ஒண்ணு, மின்சார வயரிங். ரெண்டு, மச்சு உத்திரம் மாத்துறது. மூணாவது என்னன்னு கடைசியில சொல்றேன். இந்த எபிசோடே அந்த மூணாவதைப் பத்தினதுதான்.

தெருவுல எல்லாரும் கேட்ட கேள்வி ஒண்ணு: "ஏன், கொத்தனார் கிடைக்கலியா?" இந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு வரலாறு இருக்கு. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்காவுல, இங்கிலாந்துல கூலி ஏறிப்போச்சு, ஆள் கிடைக்கல, சொந்த வீடுகள் பெருகிச்சு. அதனால நடுத்தர வர்க்க ஆம்பளைங்க தாங்களே ரம்பமும் பிரஷ்ஷும் எடுத்தாங்க. 1954-ல டைம் பத்திரிகை இதை அட்டைப்படக் கட்டுரையாவே போட்டது. பிபிசி தொலைக்காட்சியில பேரி பக்னெல் அப்படிங்கறவர் கதவுக்குப் பலகை அடிக்கிறதைச் செஞ்சு காட்ட, ஊரே பார்த்தது. இங்கே கதை வேற. இங்கே ஆளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. எந்தக் கை எந்த வேலையைச் செய்யணும்னு பிறப்பே முடிவு பண்ணி வச்சிருந்தது. அதனால "நாமளே செய்யறோம்"னு சொன்னா, இங்கே அது சிக்கனமா கேட்காது. விசித்திரமா கேட்கும், சில பேருக்குக் கௌரவக் குறைச்சலாவும் கேட்கும்.

நாங்க ஒரு விதி வச்சுக்கிட்டோம். ஒரு அறையில கை வைக்கிறதுக்கு முன்னாடி, அது எதால கட்டினது, எப்படிக் கட்டினது, யார் கட்டினதுன்னு முடிஞ்ச வரை தெரிஞ்சுக்கணும். அறை அறையா வர்றேன்.

திண்ணை

முதல்ல திண்ணை. எண்பதுகள்ல போட்ட இரும்பு கிரில்லைக் கழட்டினோம். கிரில்லுக்குப் பின்னாடி பழைய ஸ்கூட்டர் டயர், தண்ணி கேன், செய்தித்தாள் கட்டு. எல்லாத்தையும் எடுத்ததும் தலை வைக்கிற இடம் மட்டும் கொஞ்சம் உயர்ந்து சரிஞ்ச, வழவழன்னு ஒரு மேடை தெரிஞ்சது. திண்ணையிலேயே கட்டின தலைகாணி.

திண்ணையைப் பத்திப் பேசினா எல்லாரும் வழிப்போக்கர் படுத்த கதையைச் சொல்வாங்க. உண்மைதான். திண்ணைப் பள்ளிக்கூடம் நடந்ததும் உண்மைதான். ஆனா எல்லா வழிப்போக்கரும் எல்லாத் திண்ணையிலயும் உட்கார முடியல. சில தெருவுக்குள்ளேயே சில பேர் வர முடியல. திண்ணையோட விருந்தோம்பலைப் பாடறப்ப அந்தப் பாதியைச் சேர்த்துச் சொல்லாட்டி அது வரலாறு ஆகாது.

திண்ணை மேல இருந்த ஜன்னலைச் சுரண்டினப்ப என் கணவர் ஒண்ணு சொன்னார். ஜன்னல்ங்கிற சொல் போர்ச்சுகீசியம், 'ஜனேலா'. சாவியும் அவங்க சொல்தான், அலமாரியும் அவங்க சொல்தான். நம்ம வீட்டுச் சாமான்ல கால்வாசி கப்பல்ல வந்த பேரு. டச்சுக்காரங்க விட்டுட்டுப் போன சொல் ஒண்ணும் இந்த வீட்டுல இருக்கு. அது கொல்லையில இருக்கு, அங்கே போறப்ப பார்ப்போம்.

ரேழி

திண்ணை தாண்டினா ரேழி. நாங்க முதல் தப்பு பண்ணினது இங்கேதான்.

சுவர்ல முட்டி உயரம் வரைக்கும் பெயின்ட் பொரிஞ்சு, உப்புப் பூத்து உதிர்ந்துக்கிட்டிருந்தது. நாங்க கடையில வால் புட்டி வாங்கி, மழமழன்னு தேய்ச்சு, மேல பிளாஸ்டிக் பெயின்ட் அடிச்சோம். போட்டோ எடுத்து சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பினோம். ஐப்பசி மழை வந்தது. கார்த்திகையில மொத்தமும் அப்பளம் மாதிரி பிரிஞ்சு வந்துடுச்சு.

காரணம் என்னன்னா, இது சுண்ணாம்பு வீடு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாய்ல சுமார் 900 டிகிரி செல்சியஸ்ல சுட்டா, அதுக்குள்ள இருக்கிற கரியமில வாயு வெளியே போயிடும். மிஞ்சுறது சுட்ட சுண்ணாம்பு. அதுல தண்ணி ஊத்தினா கொதிச்சுக்கிட்டே நீர்த்துப்போகும். மணல் சேர்த்துச் சுவர்ல பூசினதும், காத்துல இருக்கிற கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா மறுபடியும் கல்லாகும். அதாவது இந்தச் சுவர் மூச்சு விடுற சுவர். தரையிலேருந்து ஏறுற ஈரத்தைக் காத்துல விட்டுடும். அதுக்கு மேல சிமெண்ட்டையும் பிளாஸ்டிக் பெயின்ட்டையும் பூசினா ஈரம் போக வழியில்லாம உள்ளேயே நிக்கும். உப்போட சேர்ந்து பூச்சைத் தள்ளிவிடும்.

அப்போ சிமெண்ட் இந்தச் சுவர் மேல எப்ப வந்தது? இங்கிலாந்துல ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினது 1824. இந்தியாவுல போர்பந்தர் ஆலையில உற்பத்தி ஆரம்பிச்சது 1914. பல கம்பெனிகள் சேர்ந்து ஏ.சி.சி. உருவானது 1936. திருநெல்வேலிக்குப் பக்கத்துல தாழையூத்து ஆலை ஓட ஆரம்பிச்சது 1949. ஆனா சிமெண்ட் இருந்தும் சாமானியன் கைக்கு வரல. போர்க்காலத்துலேருந்து விலைக்கும் விநியோகத்துக்கும் அரசாங்கக் கட்டுப்பாடு. ஒரு வீடு கட்ட சிமெண்ட் வேணும்னா பெர்மிட் வாங்கி அலையணும். 1982-ல அந்தக் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினாங்க, 1989-ல முழுசா எடுத்தாங்க. எங்க ரேழிச் சுவர்ல சிமெண்ட் பூசினது 1986-ன்னு மாமனார் கைப்பட எழுதின கணக்கு நோட்டுல இருக்கு. ஊர்ப் பழைய வீடுகள் பலதுல சுண்ணாம்பு மேல சிமெண்ட் ஏறினது இந்தச் சமயத்துலதான். நாப்பது வருஷமா கிடைக்காத பொருள் கடையில கிடைச்சா மனுஷன் என்ன பண்ணுவான்? இருக்கிற இடத்துலயெல்லாம் பூசுவான். மாமனாரை நான் குத்தம் சொல்லல. நாங்களும் வால் புட்டி பூசினவங்கதானே.

சிமெண்ட்டை உளி வச்சு ஒரு சுவருக்கு ஆறு வாரம் கொத்தினோம். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஒரு வயசான கொத்தனார் பக்கத்து ஊர்ல இருந்தார். அவர் வேலை செய்ய வரல, கண்ணு சரியில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். கடுக்காயைத் தட்டி வெல்லத்தோட சேர்த்துத் தண்ணியில நாள் கணக்கா ஊறப்போடணும். அந்தத் தண்ணியில சாந்து குழைக்கணும். சுவரை நல்லா நனைக்கணும். மெலிசா மெலிசா பூசணும். கண்ணாடி போடாம சுண்ணாம்பு நீர்க்கக் கூடாது, கண்ணுல தெறிச்சா பார்வை போயிடும். மணியாஸ் கட்டையை நான் பிடிச்ச விதத்தைப் பார்த்து, "தோசைக்கரண்டி இல்லம்மா அது"ன்னார். மூணாவது மாசம் ஒரு சுவரைத் தடவிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம தலையாட்டினார். எனக்கு அது பட்டம் வாங்கின மாதிரி.

கூடமும் முற்றமும்

அடுத்தது கூடம், நடுவுல முற்றம். முற்றத்துக்கு மேல யாரோ பச்சை நிற ஃபைபர் ஷீட் போட்டு மூடியிருந்தாங்க. வீடு பூரா பாசிக்குளத்துக்குள்ள இருக்கிற மாதிரி வெளிச்சம். அதை எடுத்த அன்னைக்கு அத்தை, அதாவது என் மாமியார், முற்றத்துல நின்னு அஞ்சு நிமிஷம் மேலே பார்த்தாங்க. "முப்பது வருஷம் ஆச்சுடி வீட்டுக்குள்ள வானம் பார்த்து"ன்னாங்க.

முற்றத்தைச் சுத்தி இறங்குற தாழ்வாரத்துக்கு மங்களூர் ஓடு. ஒவ்வொண்ணா இறக்கி, தேங்காய் நாரால தேய்ச்சு, உடைஞ்சதை மாத்தி, திரும்ப அடுக்கினோம். ஓட்டோட அடிப்பக்கம் திருப்பினா கம்பெனி பேரு அச்சாகியிருக்கும். இந்த ஓட்டோட கதை 1865-ல ஆரம்பிக்குது. பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியப் பாதிரி பிளெப்ஸ்ட், மங்களூர்ல நேத்ராவதி ஆத்துக்கரையில ஜெப்புங்கிற இடத்துல ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். மதம் மாறினதால ஜாதியும் தொழிலும் போனவங்களுக்கு வேலை கொடுக்கிறது மிஷனோட நோக்கங்கள்ல ஒண்ணு. ஒண்ணோட ஒண்ணு கொக்கி மாதிரி மாட்டிக்கிற ஓடு. நாட்டு ஓட்டை விட எண்ணிக்கை கம்மி, எடை கம்மி, குரங்கு ஓடினாலும் சீக்கிரம் நகராது. கொஞ்ச வருஷத்துல மேற்குக் கடற்கரை பூரா ஓட்டு ஆலைகள். அங்கேருந்து ரயில்லயும் கப்பல்லயும் எங்கெங்கேயோ போச்சு.

தரை கதை வேற. கூடத்துத் தரையில ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை உரிச்சா அடியில காவிச் சிவப்புத் தரை. ரெட் ஆக்சைடு. அதைத் திரும்ப எடுக்க எங்களுக்கு அரிவாள்மணை தேய்க்கிற பொறுமை வேண்டியிருந்தது. பசையைச் சுரண்டி, கழுவி, காய வச்சு, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால தேய்ச்சோம். நாலாவது வாரம் விளக்கு வெளிச்சம் தரையில தெரிஞ்சது. ஊஞ்சலுக்கு அடியில ரெண்டு குழி, தலைமுறை தலைமுறையா கால் ஊன்றித் தள்ளின இடம். அதை நாங்க நிரப்பல.

மாடி அறை

மாடியில ஒரே ஒரு அறை, மேல மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரக்கட்டை வரிசையா போட்டு, அது மேல ஒரு அங்குலம் கனமுள்ள சின்னச் செங்கல்லைக் குறுக்குச் சாய்வா நெட்டுக்குத்தா நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தால கோர்த்து, மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடைசியா தட்டோடு பதிக்கிற முறை. சென்னையில பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள் எத்தனையோ இந்தக் கூரையிலதான் நிக்குது.

அந்த ஜல்லியைக் கெட்டிப்படுத்தணும்னா அடிக்கணும். வரிசையா பெண்கள் குந்தி உட்கார்ந்து, கையில மரக்கட்டை வச்சுக்கிட்டு, கடுக்காய் வெல்லத் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு, பாட்டுப் பாடிக்கிட்டே நாள் கணக்குல அடிப்பாங்க. கூரை இறுகிப்போனா கட்டை துள்ளும், சத்தம் மாறும். அப்போ நிறுத்தலாம். அண்ணாந்து பார்த்தா மேஸ்திரி பேரு தெரியாது, அந்தப் பெண்கள் பேரும் தெரியாது. எண்பது வருஷத்துக்கு மேல ஒழுகாம நின்ன கூரை அது. ஒழுக ஆரம்பிச்சது, அது மேல ஒருத்தர் டிஷ் ஆண்டெனாவுக்கு துளை போட்டதுக்கு அப்புறம்தான்.

இந்த அறையிலதான் பழைய வயரிங் அப்படியே இருந்தது. மரச் சட்டத்துக்குள்ள ஓடுற ஒயர், கறுப்பு உருண்டை சுவிட்ச், பீங்கான் ஃபியூஸ் கட்டை. பைக்காரா நீர்மின்சாரம் 1932-ல வந்தது, மேட்டூர் 1937-ல. அந்தக் காலத்து ரப்பர் உறை ஒயர் இப்போ தொட்டா பிஸ்கட் மாதிரி உதிருது. இதுல வீரம் காட்ட வேண்டாம்னு முதல்லயே முடிவு பண்ணியிருந்தோம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முழுசா மாத்தி, எர்த்திங்கும் போட்டோம். கேட்டுக்கிட்டிருக்கிற நீங்களும் அதைத்தான் செய்யணும்.

அடுக்களை

இப்போ அடுக்களை. சுவர்ல கரி ஏறி, விரலால எழுதலாம். தரையோட ஒட்டி அடுப்பு, தரையிலேயே பதிச்ச அம்மி. எல்லா வேலையும் குந்தி உட்கார்ந்தேதான்.

நின்னு சமைக்கிறதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1926-ல மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி அப்படிங்கற ஆஸ்திரியக் கட்டடக்கலைப் பெண், ஜெர்மனியில பிராங்பர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு அடுக்களையை வடிவமைச்சாங்க. சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறா, எங்கே கை நீட்டுறான்னு கணக்குப் பார்த்துச் செஞ்சது. ஏறக்குறைய 10,000 வீட்டுல வச்சாங்க. இன்னைக்கு நாம மாடுலர் கிச்சன்னு சொல்றதுக்கு அதுதான் மூத்த அக்கா. நம்ம ஊர்ல அடுப்பு தரையை விட்டு எழும்பினதுக்கு எரிவாயு ஒரு பெரிய காரணம். பர்மா ஷெல் 1955-ல மும்பையில சிலிண்டர் விற்க ஆரம்பிச்சது, இண்டேன் வந்தது 1965-ல. தமிழ்நாட்டுல ஏழை வீடுகளுக்கு அது போய்ச் சேர, 2007 வாக்குல அரசு இலவசமா அடுப்பும் இணைப்பும் கொடுக்க வேண்டியிருந்தது.

எங்களுக்குள்ள பெரிய சண்டை வந்த இடமும் இதுதான். என் கணவர் காகிதத்துல மேடை உயரத்தை என் இடுப்புக்கு அளந்து வரைஞ்சிருந்தார். ரொம்ப அக்கறையாதான் செஞ்சார். நான் கேட்டேன், "ஏங்க, உங்க உயரத்துக்கு ஏன் அளக்கல?" அவர் யோசிச்சுப் பார்த்தார். பதில் இல்லை. ரெண்டு நாள் நாங்க பேசிக்கல. மூணாவது நாள் வரைபடத்துல மேடை ரெண்டு உயரமா இருந்தது. அடுப்பு என் உயரத்துக்கு, பாத்திரம் தேய்க்கிற சிங்க் அவர் உயரத்துக்கு. அன்னைலேருந்து சிங்க் அவருடையது.

அடுக்களைக்குப் பின்னாடி, ஜன்னலே இல்லாம ஆறடிக்கு நாலடி ஒரு இருட்டு இடம். விறகு அறைன்னு நினைச்சோம். அத்தை வந்து வாசல்ல நின்னாங்க, உள்ளே வரல. "மாசத்துல மூணு நாள் நான் இங்கேதான்"னாங்க. அவங்களுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். இந்தச் சுவருக்குப் பின்னாடி உட்கார்ந்து, தன் குழந்தை கூடத்துல அழுறதைக் கேட்டுக்கிட்டிருந்ததைச் சொன்னாங்க. அந்தக் குழந்தைதான் என் கணவர். அன்னைக்கே அந்தச் சுவரை இடிச்சோம். முதல் அடி அத்தைகிட்டக் கொடுத்தோம். இப்போ அங்கே வெளிச்சம் வருது, மிக்ஸி கிரைண்டர் இருக்கு. வரலாறுன்னா எல்லாத்தையும் பாதுகாக்கணும்னு இல்லை. சிலதை இடிச்சும் ஆகணும்.

கொல்லை

கடைசியா கொல்லை. கிணறு, துவைக்கிற கல், ஓரத்துல குளியலறை, கழிப்பறை. கழிப்பறையோட பின்சுவரைச் சுத்தம் பண்றப்ப, தரை மட்டத்துல ஒரு இடம் மட்டும் செங்கல் வேற மாதிரி தெரிஞ்சது. ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி. பிற்பாடு அடைச்ச ஒரு துவாரம். அதுல துருப்பிடிச்ச ஒரு கீல்.

என் கணவருக்குப் புரியல. எனக்கும் உடனே புரியல. வீட்டுப் பத்திரத்தை எடுத்தோம். சக்குபந்தி, அதாவது நாலு எல்லை விவரம். முன்னாடி தெரு, ரெண்டு பக்கமும் ரெண்டு வீடு. பின்னாடி எல்லைக்கு எழுதியிருந்தது, 'தோட்டி சந்து'.

டச்சுக்காரங்க சொல் ஒண்ணு கொல்லையில இருக்குன்னு சொன்னேன் இல்லையா? கக்கூஸ். டச்சு மொழியில 'காக்ஹவுஸ்'. அவங்க 1658-லேருந்து 1781 வரைக்கும் நாகப்பட்டினத்தைக் கையில வச்சிருந்தவங்க. பேரு வெளியூர். ஆனா அதைச் சுத்தம் பண்ண நாம கண்டுபிடிச்ச ஏற்பாடு முழுக்க முழுக்க உள்ளூர். தண்ணி இல்லாத எடுப்புக் கக்கூஸ். விழுறது ஒரு வாளியிலயோ தகரத்துலயோ சேரும். வீட்டுக்குள்ள வராம, வாசல் பக்கம் வராம, பின் சந்து வழியா ஒருத்தர் வந்து அந்தத் துவாரத்துக்குள்ள கையை விட்டு எடுத்துட்டுப் போகணும். நகராட்சிகள் வந்தப்ப இந்தச் சந்துகளை ஒழிக்கல. ஒழுங்கா நேர்கோட்டுல போட்டு, மேற்பார்வைக்கு ஆளும் வச்சது. ஜாதி அரசாங்கச் சம்பளப் பட்டியலுக்குள்ள போனது அப்படித்தான்.

அரசியல் சட்டத்தோட 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிச்சது 1950-ல. உலர் கழிப்பறைகளைத் தடை செய்யுற சட்டம் வந்தது 1993-ல, நாப்பத்து மூணு வருஷம் கழிச்சு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல, மனுஷங்க கையால அள்ளுற கழிப்பறைகள் நாடு பூரா ஏறக்குறைய 7.94 லட்சம் இருக்குன்னு பதிவாச்சு. 2013-ல இன்னும் கடுமையான சட்டம். 2014-ல உச்ச நீதிமன்றம், கழிவுநீர்க் குழியில இறங்கி இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கணும்னு சொன்னது. 2023-ல அதை 30 லட்சமா உயர்த்தினது. உயர்த்த வேண்டியிருந்ததுன்னா, இன்னும் இறந்துக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

எங்க வீட்டுத் துவாரத்தை 1974-ல அடைச்சிருக்காங்க, செப்டிக் டேங்க் கட்டினப்ப. அத்தை கல்யாணமாகி வந்தது 1968-ல. ஆறு வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்காங்க. விடியற்காலையில ஒரு அம்மா வருவாங்களாம். தகரம் உரசுற சத்தம், அப்புறம் "தண்ணி ஊத்துங்கம்மா"ன்னு குரல். இவங்க மேலேருந்து ஊத்துவாங்க. தீபாவளிக்குப் பழைய புடவையும் பலகாரமும் சுவர் மேல வைப்பாங்க. நான் கேட்டேன், "அத்தை, அவங்க பேரு என்ன?"

ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "பேரு தெரியாது. முகமும் சரியா பார்த்ததில்லை. கை தெரியும். வளையல் போட்ட கை."

நாங்க எந்த ஜாதின்னு நீங்க யூகிச்சிருக்கலாம். யூகிக்காட்டியும் பரவாயில்லை. அந்தத் துவாரத்தோட எந்தப் பக்கத்துல இருந்தோம்னு தெரிஞ்சா போதும்.

நாமளே செய்யணும்ங்கிற கொள்கை இந்த அறையில வந்ததும் கழுத்தைப் பிடிக்குது. காந்தியோட ஒரு சம்பவம் ஞாபகம் வந்தது. 1898, டர்பன். அவர் வீட்டுல அறைக்கு அறை மூத்திரப்பானை. வேலைக்காரர் இல்லாம புருஷன் பெண்டாட்டியே சுத்தம் பண்றதுன்னு ஏற்பாடு. பஞ்சமர் பெற்றோருக்குப் பிறந்த ஒரு கிறிஸ்தவ எழுத்தர் அங்கே தங்க வந்தார். அவர் பானையை எடுக்கக் கஸ்தூரிபாவுக்கு மனசு ஒப்பல. எடுத்தாங்க, ஆனா அழுதுக்கிட்டு எடுத்தாங்க. காந்தி, சந்தோஷமா எடுக்கலைன்னு கத்தி, கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் வாசல் கதவைத் திறந்து வெளியே தள்ளப் பார்த்தார். இதை அவரே வெட்கப்பட்டு சுயசரிதையில எழுதியிருக்கார். ஜாதியை உடைக்கணும்னு கிளம்பின கை, பெண்டாட்டியோட கையை முறுக்கினது. அந்தப் பானைக்குச் சொந்தக்காரரான எழுத்தர் அதை எப்படிப் பார்த்தார்னு எழுத யாரும் இல்லை.

சரி, எங்க செப்டிக் டேங்க். ஐம்பது வருஷப் பழசு, நிரம்பியிருந்தது. இதுதான் நான் சொன்ன மூணாவது வேலை. என் கணவர் ஒரு நிமிஷம், "இதையும் நாமளே..."ன்னு ஆரம்பிச்சார். முடியாது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கும். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை வாசனை. அதிகமா இருந்தா மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது, சில மூச்சுல ஆள் விழுந்துடுவார். காப்பாத்தக் குதிக்கிறவரும் விழுவார். யாரும் இறங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. ஆக, எல்லா அறையையும் எங்க கையால செஞ்சோம்னு பெருமைப்பட்ட நாங்க, இதுக்கு மட்டும் இன்னொரு மனுஷரைத்தான் கூப்பிட்டோம். லாரியோட, குழாயோட, ஆனா கூப்பிட்டோம்.

எங்களால செய்ய முடிஞ்சது சின்ன விஷயங்கள். மூடியைப் பெருசாக்கி, உறிஞ்சு குழாய் அடி வரைக்கும் போற மாதிரி வச்சோம். வாயு போக உயரமா குழாய் போட்டோம். நாப்கின், துணி எதையும் உள்ளே போடக் கூடாதுன்னு வீட்டுல எல்லாருக்கும் சொன்னோம். அடைப்பு வந்தா இறங்கச் சொல்ற சூழ்நிலை அதுலதான் உருவாகுது. மூடி பக்கத்துச் சுவர்ல, 'யாரும் உள்ளே இறங்கக் கூடாது'ன்னு பெயின்ட்ல எழுதினோம்.

லாரியோட ரெண்டு பேர் வந்தாங்க. வேலை முடிஞ்சதும் ஒருத்தர் தண்ணி கேட்டார். அத்தை உள்ளே போனாங்க. கொஞ்சம் நேரமாச்சு. அடுக்களையில பழைய பிளாஸ்டிக் டம்ளர் ஒண்ணு இருக்கு, எனக்குத் தெரியும். எதைக் கொண்டு வரப்போறாங்கன்னு நான் வாசப்படியையே பார்த்துக்கிட்டிருந்தேன். தான் தினமும் காபி குடிக்கிற டம்ளர்ல கொண்டு வந்தாங்க. அவர் வாங்கி, உதடு படாம அண்ணாந்து குடிச்சார். "வாய் வச்சே குடிப்பா"ன்னாங்க அத்தை. "பழக்கம்மா"ன்னு சிரிச்சார் அவர்.

பேரைக் கேட்டது அத்தைதான். அவர் சொன்னார். ஒலிபரப்பு பண்ண அவர்கிட்ட அனுமதி கேட்கல, அதனால இங்கே சொல்லல. கணக்கு நோட்டுல அன்னைக்குத் தேதியில எழுதி வச்சிருக்கோம், மாமனார் சிமெண்ட் கணக்கு எழுதின அதே நோட்டுல.

பின்சுவர் பூரா சுண்ணாம்பு அடிச்சுட்டோம். அந்த ஒண்ணரை அடிச் சதுரத்தை மட்டும் பூசாம விட்டிருக்கோம். கண்காட்சி மாதிரி பலகையெல்லாம் வைக்கல. வர்றவங்க "அது என்ன, பூச மறந்துட்டீங்களா?"ன்னு கேட்பாங்க. அத்தைதான் பதில் சொல்வாங்க.

இந்த எபிசோடு இவ்வளவுதான். கேட்டுட்டு ஒரு வேலை செய்ங்க. உங்க வீட்டுப் பழைய பத்திரம் இருந்தா எடுத்து சக்குபந்தியைப் படிங்க. பின்னாடி எல்லையில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா, அந்தப் பக்கத்துலேருந்து யார் வந்தாங்கன்னு கேளுங்க. பேரு ஞாபகம் இருந்தா எழுதி வச்சுக்கோங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.